ஆறடி முயலும் மரை கழன்ற மனிதரும்

வீட்டை விட்டு வெளியே வரும் ஒருவர் வாசல் கதவைத் திறந்து, கூட வருபவருக்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார். நம் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை. அவரைப் பொறுத்தவரை வருவது 6 அடி 3½ அங்குல உயர முயல், பெயர் ஹார்வி. 1950-இல் வெளிவந்த ‘ஹார்வி’ என்ற அமெரிக்கப் படத்தின் எல்வுட் பி. டவுட்தான் இந்த மனிதர். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்தார். மேரி சேஸ் எழுதி, 1945-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம்தான் படத்துக்கு மூலம்.

இப்படி ஒருவரைத் தெருவில் பார்த்தால் மரை கழன்றவர் என்று விலகித்தான் போவோம். படம் முடியும்போதோ, அவரைச் ‘சரிசெய்ய’ வருபவர்கள் மேல்தான் எரிச்சல் வருகிறது. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன நடந்தது?

முதல் வேலையைச் செய்வது ஸ்டூவர்ட்டின் கண்கள். எதிரில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நம் கவனமும் ஓடும். ஒரு வயதுக்குள்ளேயே குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் தெரியத் தொடங்கிவிடும். திரையில் ஒரு முகத்தைக் காட்டி, ‘அதன் பார்வையை நம்பாதீர்கள், அது எதையும் உணர்த்தாது’ என்று முன்கூட்டியே சொன்னாலும், கவனம் பார்வை போன பக்கமே திரும்புவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எல்வுட் அண்ணாந்து பார்த்துப் பேசுகிறார். கேமராவும் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுவைக்கிறது. கொஞ்ச நேரத்தில் நாமும் அந்த வெற்றிடத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். முயல் இருக்கிறது என்று நாம் நம்பவில்லைதான். ஆனாலும் அதற்கு இடம் கொடுத்துவிட்டோம்!

அடுத்தது சிரிப்பு. அது யார் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். எல்வுடை மனநல விடுதியில் சேர்க்க அக்கா வீட்டா போகிறார். பதற்றத்தில், தனக்கும் அந்த முயல் எப்போதாவது தெரிகிறது என்று உளறிவிடுகிறார். மருத்துவர் அவரையே நோயாளி என்று முடிவுகட்டி உள்ளே அனுப்பிவிடுகிறார். கேலிக்கு ஆளாவது ‘நார்மல்’ ஆட்கள்தான். எல்வுடோ எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு நிதானமாக இருக்கிறார்.

அப்புறம், கதையில் மூழ்கும் மனம் எதிர்வாதத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கும். மெலனி கிரீன், டிமதி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கதைக்குள் ஆழ்ந்துபோனவர்களுக்கு அதில் இடறும் இடங்கள் குறைவாகவே கண்ணில் பட்டன. கதையோடு ஒத்துப்போகும் கருத்துகளுக்கு அவர்கள் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ‘கிறுக்கர்களிடம் அன்பாக இருங்கள்’ என்று யாராவது மேடையேறிப் பேசினால் ஆயிரம் ‘ஆனால்’ சொல்வோம். கதையிடம் அப்படிச் சண்டைபோடத் தோன்றுவதில்லை.

நேரில் பழகினால் வெறுப்பு குறையும் என்பது உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் முன்வைத்த பழைய கருத்து. எப்படிப் பழகினாலும் சரி என்று அவர் சொல்லவில்லை. இரு தரப்புக்கும் சமமான அந்தஸ்து, பொதுவான இலக்கு என நிபந்தனைகள் உண்டு. திரையில் பழகினாலும் ஓரளவு அதே பலன் கிடைக்கலாம் என்று 2005-இல் ஆய்வாளர் எட்வர்ட் ஷியாப்பாவும் சகாக்களும் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களையும், பெண் உடை அணியும் ஒரு நகைச்சுவைக் கலைஞரையும் காட்டும் நிகழ்ச்சிகளை. முயலோடு பேசுபவர்களை அல்ல. அதனால் இங்கே கொஞ்சம் ஊகமும் கலந்திருக்கிறது.

படம் தனக்குச் சாதகமாகச் சில சீட்டுகளை ஒளித்துவைத்திருப்பதும் உண்மை. எல்வுட் வசதியானவர், இனிமையானவர், எந்த வேதனையும் இல்லாதவர். கேட்கும் குரல்களால் தூக்கம் கெட்டுத் துடிப்பவருக்குத் தேவை சிகிச்சை. அவரை ‘அப்படியே விடுங்கள்’ என்பது கைகழுவுவதுதான். தவிர, ‘இவர் மட்டும் விதிவிலக்கு’ என்று ஒருவரைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மற்றவர்களைப் பற்றிய பழைய எண்ணத்தை அப்படியே வைத்துக்கொள்ளவும் மனதுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்த இடம் ஒரு டாக்ஸி ஓட்டுநரின் பேச்சு. விடுதிக்குப் போகும்போது பயணிகள் பறவைகளையும் அந்தி வானத்தையும் ரசித்து அரட்டையடிப்பார்களாம். அவர்களைச் ‘சரிசெய்யும்’ ஊசி போட்டுத் திரும்பும்போது சிடுசிடுவென்று இருப்பார்களாம். அதைக் கேட்டுத்தான் எல்வுடுக்குப் போடவிருந்த ஊசியை வீட்டா தடுக்கிறார்.

படம் சறுக்குவது வேறோர் இடத்தில். கதவு தானாகத் திறக்கிறது, மருத்துவரும் முயலைப் பார்க்கிறார். முயல் நிஜம் என்றால் எல்வுட் கிறுக்கரே இல்லையே! முயலே இல்லாத எல்வுடை நம்மால் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள முடியும் என்ற சோதனையை வைக்காமலேயே படம் முடிந்துவிடுகிறது.