பிரேக்பாயிண்ட்: நிறுத்தப்புள்ளியும் அதன் செயலும்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, நாம் குறித்த வரியில் நிற்கவைக்கும் அடையாளம்தான் பிரேக்பாயிண்ட். அந்த வரி இயங்குவதற்குச் சற்று முன் ஓட்டம் நிற்கும். எந்த மாறியில் என்ன மதிப்பு, எந்த புரொசீஜர் (பெயரிட்டுச் சேமித்த நிரல் பகுதி) எதை அழைத்தது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

சொல் பிறந்த இடம் எனியாக். அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1946இல் உலகுக்கு அறிமுகமான கணினி அது. அதில் நிரல் அமைப்பது என்றால் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கம்பி செருகுவது. கணக்கு ஓரிடத்தில் நிற்கவேண்டுமா, அங்கே இருக்கும் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள். தொடர்பு அறுபட்ட அந்த இடத்துக்கு வைத்த பெயர்தான் பிரேக்பாயிண்ட். இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர், எனியாக்கின் ஆறு பெண் நிரலர்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன்.

கம்பி அறுந்த கதையை வைத்துப் பார்த்தால் தமிழில் 'முறிவுப்புள்ளி' பொருத்தம்போலத் தோன்றும். ஆனால் முறிவு என்றதும் நமக்குச் சேதம்தான் நினைவுக்கு வருகிறது: எலும்பு முறிவு, மண முறிவு. இங்கே எதுவும் சேதமாவதில்லை. ஒரு விசையை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓட்டம் தொடர்கிறது. அதனால் 'நிறுத்தப்புள்ளி' என்பதே என் தேர்வு. இலங்கையில் பேருந்து நிற்கும் இடத்தைத் தரிப்பிடம் என்பார்கள். அந்த வழக்கையொட்டி 'தரிப்புப்புள்ளி' என்றாலும் அழகாகவே இருக்கும்.

தரவுத்தள நிரலில் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. டிரான்சாக்‌ஷன் (முழுதாக முடியவேண்டிய, இல்லையேல் நடக்கவே கூடாத மாற்றங்களின் தொகுதி) நடுவே நிறுத்தினால், அது தரவின்மீது பிடித்துவைத்திருக்கும் பூட்டுகள் விடுபடாது. அட்டவணையின் அதே வரிசைகளைத் திருத்த வருபவர்கள் எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நேரடிப் பயன்பாட்டில் உள்ள சர்வரில் டீபக் (பிழை தேடல்) செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சோதனை சர்வரிலும், ஆயிரம் முறை சுழலும் கர்சருக்குள் (வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் அமைப்பு) ஒவ்வொரு சுற்றிலும் நின்று நின்று போவது நடக்கிற காரியமில்லை.

அங்கே உதவுவது நிறுத்தப்புள்ளியின் 'செயல்'. மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரின் நிரலுக்கான டீபக்கரில் (பிழை தேடும் கருவி), புள்ளியை அடைந்ததும் அச்சிடவேண்டிய செய்தியை எழுதிவைக்கலாம். எடுத்துக்காட்டாக, மீதித் தொகையைத் தாங்கும் மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குறிக்குள் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்பு அவுட்புட் சாளரத்தில் விழுந்துகொண்டே இருக்கும். 'தொடர்ந்து இயக்கு' என்பதையும் தேர்ந்தெடுத்தால் ஓட்டம் நிற்கவே நிற்காது. செய்தியை அச்சிடும் பிரிண்ட் வரிகளை நிரலில் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். புரொசீஜரின் ஒரு எழுத்தைக்கூடத் தொடவேண்டாம், பிறகு தேடித்தேடி நீக்கவும் வேண்டாம். அதோடு, பயனர் எழுதும் பங்ஷனுக்குள் (மதிப்பைத் திருப்பித் தரும் நிரல் பகுதி) பிரிண்டுக்கு இடமே கிடையாது.

நிற்காத புள்ளியை நிறுத்தப்புள்ளி என்பது முரண் அல்லவா? ஆங்கிலத்தில் இதை டிரேஸ்பாயிண்ட் என்று தனியே பிரித்துவிட்டார்கள். நாமும் 'தடப்புள்ளி' எனலாம். ஓட்டம் கடந்துபோன தடத்தை மட்டும் பதிவு செய்வது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்கவேண்டும்: புள்ளிக்கு நிபந்தனையோ எண்ணிக்கை வரம்போ வைத்திருந்தால், அவை நிறைவேறிய பிறகே செயல் நடக்கும். எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் மென்பொருளான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் 18ஆம் பதிப்போடு டீபக்கரையே எடுத்துவிட்டார்கள்; இப்போது இதற்கு, நிரல் எழுதும் மென்பொருளான விசுவல் ஸ்டுடியோதான்.