ஸ்டென்ட் வைத்த பிறகும் ஏன் ஆண்டுதோறும் ஸ்கேன்?

வயிற்றுப் பெருந்தமனியின் இயல்பான விட்டம் ஏறக்குறைய 2 செ.மீ. அது 3 செ.மீ.யைத் தொட்டால் அனியூரிசம் (தமனி வீக்கம்), ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டும்போது சிகிச்சைப் பேச்சு வரும். தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் செலுத்தும்போது வீங்கிய பையை யாரும் வெட்டி எடுப்பதில்லை. துணி போர்த்திய உலோகக் குழாய் உள்ளே விரிந்து ரத்தத்துக்குப் புதுப்பாதை போடுகிறது. பழைய பை அதைச் சுற்றி அப்படியே கிடக்கிறது. அழுத்தம் இறங்கிப் பை சுருங்கினால் நல்லது. பெருத்தால், பெரும்பாலும் எங்கோ ரத்தம் கசிந்து உள்ளே போகிறது.

இந்தக் கசிவுக்கு எண்டோலீக் என்று பெயர். கிராஃப்ட்டின் மேல்முனையோ கீழ்முனையோ தமனிச் சுவரோடு ஒட்டாமல் போனால் முதல் வகை. கிராஃப்ட்டின் துண்டுகள் இணையும் இடம் விலகினாலோ துணி கிழிந்தாலோ மூன்றாம் வகை. இரண்டிலும் தமனியின் முழு அழுத்தம் பையைத் தாக்கும் என்பதால் காத்திருக்கக் கூடாது. அதிகம் காணப்படுவது இரண்டாம் வகைதான்: இடுப்புத் தமனிகளோ கீழ்க் குடல் தமனியோ பின்னோக்கி ரத்தத்தைப் பைக்குள் விடும். பல தானாகவே அடைபட்டுவிடும். பை வளராதவரை பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

முதல் சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன்) வழக்கமாக ஒரு மாதத்தில். கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைத் துலக்கிக் காட்ட ஊசியில் செலுத்தும் மருந்து) இல்லாமல் ஒரு முறை, தமனியில் அது நிறைந்திருக்கும்போது ஒரு முறை, சில நிமிடம் கழித்து இன்னொரு முறை எடுப்பார்கள். முதல் சுற்று இல்லாவிட்டால் பையிலுள்ள சுண்ணாம்புப் படிவு கசிவைப் போல ஏமாற்றும். கடைசிச் சுற்றை விட்டால், மெதுவாக ஊறும் இரண்டாம் வகைக் கசிவு கண்ணில் படாமலே போகலாம்.

அந்த ஸ்கேனில் குறையில்லை என்றால் அடுத்தது 12-வது மாதம். கசிவு தெரிந்தால் 6-வது மாதமே. பிறகு ஆண்டுக்கொரு டாப்ளர் ஸ்கேன் (ஒலி அலைகளால் ரத்தஓட்டத்தைப் பார்ப்பது) பலருக்குப் போதும். கதிர்வீச்சு கிடையாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும் கான்ட்ராஸ்ட்டும் வேண்டாம். குடல் வாயு மறைக்கும் என்பதால் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். திரையில் ரத்தஓட்டத்தைக் காட்டும் கலர் அளவைக் கூட்டி வைத்தால் இல்லாத கசிவும் தெரியும். ஆகவே அந்த இடத்தில் ரத்தஓட்ட அலையைப் பதிவு செய்து பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் போய்வரும் அலை இரண்டாம் வகையின் அடையாளம். உலோகக் கம்பி முறிந்ததையோ கிராஃப்ட் நழுவியதையோ டாப்ளரை நம்பிச் சொல்ல முடியாது. அதற்கு எக்ஸ்ரே அல்லது கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. தேவை.

அதிகம் சறுக்குவது அளவெடுப்பில். பெருந்தமனி வளைந்து போகும். அதைச் சாய்வாக வெட்டி அளந்தால் விட்டம் கூடித் தெரியும். தமனியின் போக்குக்குச் செங்குத்தாகவே அளக்க வேண்டும். டாப்ளர் அளவு சி.டி. அளவைவிடச் சில மி.மீ. குறைந்தே வரும், ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் குழப்பம்தான். ஆண்டுக்கு 2 மி.மீ. வளர்ச்சியை 'அளவுப் பிழை' என்று ஒவ்வொரு முறையும் ஒதுக்கினால், மூன்றே ஆண்டில் 6 மி.மீ. ஓசைப்படாமல் கூடியிருக்கும், 5 மி.மீ.க்கு மேல் போனாலே காரணம் தேட வேண்டும். எனவே போன வருட ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல், சிகிச்சை முடிந்ததும் எடுத்த முதல் ஸ்கேனின் படங்களையும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள்.