செல்லர் கணக்கு முடங்கியதும் சி.சி.ஐ.க்கு ஓடாதீர்கள்

"அக்கவுன்ட்டை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, செட்டில்மென்ட் நிக்குது. சி.சி.ஐ.ல கம்ப்ளைன்ட் போட்டா பணம் வந்துடுமா?" ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிகள் மாறி மாறிக் கேட்பது இதைத்தான். வராது.

சி.சி.ஐ. என்கிற இந்தியப் போட்டி ஆணையம் யாருக்கும் பாக்கி வசூலித்துத் தருவதில்லை. போட்டிச் சட்டம், 2002-இன்படி அங்கே நீங்கள் கொடுப்பதற்குப் பெயரே 'தகவல்'தான். உங்கள் 3 லட்ச ரூபாய் பாக்கி அவர்கள் பார்வையில் வெறும் ஒப்பந்தத் தகராறு. தளம் வேண்டப்பட்ட சிலரைத் தூக்கிவிட்டு மற்றவர்களை அமுக்குகிறது, அதனால் சந்தையில் போட்டியே கெடுகிறது என்று காட்டினால்தான் காது கொடுப்பார்கள். 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவானது டெல்லி வியாபாரிகள் சங்கம் ஒன்று கொடுத்த தகவலால். அதையும் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய 4-ஆம் பிரிவில் எடுக்கவில்லை. இரண்டு நிறுவனங்கள் கூட்டாக ஆதிக்கம் செலுத்துவது என்பதே நம் சட்டத்தில் கிடையாது. செல்போன்களின் பிரத்யேக விற்பனை, வேண்டப்பட்ட செல்லர்கள், அடிமாட்டு விலைத் தள்ளுபடி எல்லாம் போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்கள் பற்றிய 3(4)-ஆம் பிரிவின் கீழ்தான் வந்தன. விசாரணையைத் தொடங்கலாமா என்ற வழக்கு மட்டுமே உச்ச நீதிமன்றம்வரை போய் 2021 ஆகஸ்டில்தான் முடிந்தது. கடைசியில் அபராதம் விழுந்தாலும் அது அரசுக்குப் போகும். நஷ்டஈட்டுக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனி மனு போட வேண்டும்.

"அப்ப எம்.எஸ்.எம்.இ. சமாதான்?" சிறு நிறுவனங்கள் பாக்கிக்குப் புகார் கொடுக்கும் அரசு போர்ட்டல் அது. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதி, சரக்கை வாங்கியவருக்குத்தான். உங்கள் பில் வாடிக்கையாளர் பெயரில் இருக்கிறது, தளம் இடைத்தரகர். தளத்தின் மொத்த விற்பனைக் கம்பெனிக்கே நீங்கள் பில் போட்டிருந்தால் கதை வேறு. வாங்கி விற்பவர்களுக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தாலும் இந்தச் சலுகை இல்லை.

பணத்துக்கு வழி ஒப்பந்தத்தில் இருக்கிறது. தகராறு பற்றிய பிரிவைப் படியுங்கள்: நடுவர் தீர்ப்பா, எந்த ஊரில், நோட்டீஸ் எந்த முகவரிக்கு. 'ஐ அக்ரீ' அழுத்திய அன்றே படித்திருக்க வேண்டியது.

ஆதாரத்தை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். தளத்தில் உங்கள் செல்லர் பேனல் பூட்டிய பிறகு எதையும் இறக்க முடியாது. செட்டில்மென்ட் ரிப்போர்ட், கமிஷன் அட்டவணை, ரிட்டர்ன் கணக்கு மூன்றையும் மாதாமாதம் இறக்கி வையுங்கள். குறைந்த விலை வைத்தும் பை பாக்ஸ், அதாவது 'வாங்கு' பட்டனில் முதலில் நிற்கும் இடம், இன்னொருவருக்கே போகிறதா? ஒரே பொருள், ஒரே பின்கோடு, தினமும் ஒரே நேரம், லாகின் இல்லாமல் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். பின்கோடு மாறினால் முடிவும் மாறும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பதே அதைத்தான். அசல் கோப்பை எடிட் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஆதாரம் என்று நீட்டாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை, கேட்பார்கள்.

ஏற்கெனவே பேனல் போய்விட்டதா? ஜி.எஸ்.டி. போர்ட்டலில் உங்கள் டி.சி.எஸ். வரவை, அதாவது தளம் உங்கள் விற்பனையில் பிடித்து அரசுக்குக் கட்டிய வரியை, பாருங்கள். 2024 ஜூலை 10 முதல் அது 0.5 சதவீதம், உங்கள் நிகர விற்பனை எவ்வளவு என்று தளமே அரசிடம் ஒப்புக்கொண்ட கணக்கு அது.

சந்தையைப் பற்றிய முறையீடு என்றால், தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள். இருபது செல்லர்களின் ஒரே மாத ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்து, சங்கத்தின் பெயரில் கொடுங்கள். காரணம் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு.