ஸ்டேசெயில்: சின்னப் பாய் என்ற இளக்காரம் வேண்டாம்

நேற்று மீண்டும் ஒரு படகு வந்து நிற்கிறது. ஸ்டேசெயில் என்ற சிறிய முன்பாயைத் தாங்க, பாய்மரத்திலிருந்து முன்தளத்துக்கு இறங்கும் கம்பிதான் உள் ஸ்டே. அதைப் பிடித்திருந்த வளையம், மேல்தளத்திலிருந்து போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அடியில் தாங்குதகடு கிடையாது. நாலு வாஷர் மட்டும். அவை கிண்ணம்போல் குழிந்து, ஃபைபருக்கு நடுவே இருந்த மரத்தைத் துளைத்து மேலேறிவிட்டன. அந்த மரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன், தண்ணீர் கசிந்தது. போல்ட் துளை வழியே எத்தனை பருவமாக நீர் இறங்கிக்கொண்டிருந்ததோ!

உரிமையாளர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. "சின்னப் பாய்தானே அண்ணே, இதற்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு?" களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும், பழைய படகு வாங்கிக் கடலோட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

பாய் சின்னதுதான். ஆனால் அதை எப்போது ஏற்றுகிறீர்கள்? காற்று முற்றிய பிறகு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீது அழுத்தம் நான்கு மடங்காகிறது. 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் 40 சதுர மீட்டர் ஜெனோவா, அதாவது பெரிய முன்பாய், என்ன இழுப்பு இழுக்குமோ, அதே இழுப்பை 30 நாட் காற்றில் 10 சதுர மீட்டர் ஸ்டேசெயில் இழுக்கும். பாரம் ஒன்றுதான். பெரிய பாய்க்குக் கயிறு இறுக்கும் வின்ச்சும், கப்பியை நகர்த்தும் டிராக்கும் பார்த்துப் பார்த்துப் பொருத்திய அதே கை, சின்னப் பாய்க்கு ஒரு கொக்கி போதும் என்று எப்படி முடிவு செய்கிறது? தை, மாசியில் இலங்கையிலிருந்து கொச்சிக்கு வரும் படகுகள் மன்னார் வளைகுடாவைக் கடக்கும்போது, பாக் நீரிணை வழியாக நெருக்கிக்கொண்டு வரும் வாடைக்காற்றைப் பக்கவாட்டில் வாங்குகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை அறிந்த நாஞ்சில் நாட்டுக்காரருக்குக் காற்றின் பலத்தை நான் சொல்லவும் வேண்டுமா?

வளையம் மேல்தளத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. அதன் அடியிலிருந்து ஓர் எஃகுத் தண்டு, இழுப்பைப் படகின் குறுக்குச் சுவருக்கோ உடற்சட்டத்துக்கோ கடத்த வேண்டும். மேலேயும் இதே கணக்குத்தான். உள் ஸ்டே பாய்மரத்தை உச்சிக்குக் கீழே பிடித்து முன்னால் இழுக்கிறது. பின்னாலிருந்து அதற்கு எதிர்ப்பிடி வேண்டும். பல படகுகளில் அந்த வேலை ரன்னிங் பேக்ஸ்டேயுடையது. பாய்மரத்திலிருந்து பின்னால் இருபக்கமும் இறங்கும், இறுக்கித் தளர்த்தக்கூடிய கம்பி அது. காற்றடிக்கும் பக்கத்து பேக்ஸ்டேயை இறுக்காமல் ஓடினால் பாய்மரம் நடுவில் துடிக்கும். பக்கக் கம்பிகள் பின்சாய்ந்த சில படகுகளுக்கு இது தேவைப்படாது. உங்கள் படகு அந்த வகைதானா என்று பாய்மரமும் கம்பியும் பொருத்தும் ரிக்கரிடம் கேளுங்கள், பக்கத்துப் படகுக்காரரிடம் அல்ல.

அடுத்த வழக்கு தாமான் கயிறு, பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிப்பது. ஜெனோவாவின் டிராக்கிலேயே ஸ்டேசெயிலின் தாமானையும் மாட்டிவிடுகிறார்கள். அந்த டிராக் படகின் விளிம்போரம், பக்கக் கம்பிகளுக்கு வெளியே கிடக்கிறது. கயிறு கம்பியில் உராய்கிறது, பாய் அகலத் திறந்துகொள்கிறது, படகு காற்றை எதிர்த்து ஏற மறுக்கிறது. உடனே வின்ச்சை இன்னும் இறுக்குகிறார்கள். இறுக்கி என்ன பயன்? இழுக்கும் இடமே தவறு. ஸ்டேசெயிலின் தாமான் பக்கக் கம்பிகளுக்கு உள்ளேதான் போக வேண்டும். பாயின் முன்மூலையிலிருந்து 3 மீட்டர் பின்னால் தாமான் நுழைந்து வரும் கப்பி இருக்குமானால், நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். அங்கே ஒரு குட்டி டிராக் பொருத்தினால் போதும். அதன் அடியிலும் தாங்குதகடு வையுங்கள்.

கப்பியின் முன்பின் இடத்துக்கு ஒரு தொடக்கக் கணக்கு உண்டு. தாமானின் கோட்டைப் பாயின் மேல் நேராக நீட்டிப் பாருங்கள். முன்விளிம்பின் நடுப்பகுதியைத் தொட வேண்டும். பிறகு காற்றை நெருங்கி ஓட்டி, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, மெல்லக் காற்றுக்குள் திருப்புங்கள். முன்விளிம்பில் ஒட்டிய நூல்களில் மேல்நூல் முதலில் படபடத்தால் கப்பியை முன்னே தள்ளுங்கள். கீழ்நூல் முதலில் படபடத்தால் பின்னே. மேலும் கீழும் ஒருசேரத் துடித்தால் இடம் சரி, அங்கே ஒரு குறி போட்டுவிடுங்கள். கப்பி அளவுக்கு மீறி முன்னே போனால் பாயின் பின்விளிம்பு உள்ளே மடங்கி, பாய்மரத்துக்குப் பின்னுள்ள முதன்மைப் பாயின் முதுகில் காற்றைக் கொட்டும்.

தாமானைப் பாயின் மூலையில் ஷாக்கிள் போட்டு மாட்டாதீர்கள். பௌலைன் முடிச்சுப் போதும். பாய் அடித்துக்கொள்ளும்போது அந்த இரும்பு யார் நெற்றியில் இறங்கும் என்று சொல்ல முடியாது. கழற்றி மாட்டும் ஸ்டேயாக இருந்தால், ஜெனோவா ஓடும் நாட்களில் அதைக் கழற்றிப் பாய்மரத்தோரம் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெனோவா அதில் சிக்கும். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை நன்றாக இறுக்குங்கள். முன்விளிம்பு தொய்ந்த ஸ்டேசெயிலால் பயனில்லை.

தயவுசெய்து, முதல் முறை ஏற்றுவதைக் குமரிமுனைக்கு வெளியே இருட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில்லாத காலையில், துறைமுகத்தில் கட்டியபடியே ஏற்றி, தாமானை இழுத்து, இறக்கிப் பழகுங்கள். கடலில் காற்று 20 நாட் வேகத்தை எட்டும் முன்பே முடிவெடுங்கள். அணியத்துக்குப் போகிறவர் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்ட பிறகே அங்கே காலெடுத்து வைக்கட்டும்.