தண்ணீர் போய்விடும், நுண்ணுயிர் தங்கிவிடும்

சின்ன ஊர்களில் சாக்கடைத் தண்ணீரை ஆற்றில் விடுவதற்கு முன்னால் என்ன மருந்து போட்டுச் சுத்தம் செய்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடைசியில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினை விட்டால், அங்கே மருந்துக்குப் பெரிய வேலை இல்லை. பாடுபடுவதெல்லாம் பாக்டீரியாக்கள்தான்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும். ஒரு லிட்டர் சாக்கடை நீரில் உள்ள அழுக்கை ஐந்து நாள் தின்பதற்கே பாக்டீரியாக்களுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் வேண்டும். ஓடுகிற தண்ணீர் எந்த அழுக்கையும் தானே சரிசெய்துகொள்ளும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். ஆற்றிலும் பாக்டீரியா உண்டு, சுத்தமும் நடக்கும். ஆனால் அதற்குள் மீன்களுக்கான மூச்சுக்காற்று தீர்ந்துவிடும். ஆகவே அந்தச் சாப்பாட்டை ஆற்றுக்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டும்.

கழிவுநீர் நிலையத்துக்குள் வந்ததும் கம்பி வலையில் பிளாஸ்டிக்கும் துணியும் சிக்கும், அடுத்த தொட்டியில் மணல் படியும். சரி, இதெல்லாம் தெரிந்த கதை. சுவாரசியம், பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் காற்றூட்டத் தொட்டியில்தான் இருக்கிறது.

மான்செஸ்டர் நகரின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரைப் பாட்டிலில் அடைத்துக் காற்றைச் செலுத்தினார்கள். அதிலுள்ள அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஐந்து வாரம் ஆனது. அடியில் படிந்த பழுப்புக் கசடைக் கொட்டாமல், மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டுப் புதிய சாக்கடை நீரை ஊற்றினார்கள். உறைமோர் போல அந்தக் கசடு வேலை செய்தது. ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்து, கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. 1914இல் இதை வெளியிட்டார்கள். இவர்களை இந்த வழியில் திருப்பிவிட்ட கில்பர்ட் ஃபவுலர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.

அந்தக் கசடுக்குள் நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. காற்றூட்டத் தொட்டியிலிருந்து தண்ணீர் அசைவில்லாத இன்னொரு தொட்டிக்குப் போகிறது. ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகும் பாக்டீரியாக்கள் அங்கே கீழே படிகின்றன. பம்பு அவற்றைத் திரும்பவும் காற்றூட்டத் தொட்டிக்கே அனுப்புகிறது. ஒட்டாமல் தனியாக மிதப்பவை தண்ணீரோடு வெளியேறுகின்றன, அல்லது காம்பின் நுனியில் மணி வடிவ உடலோடு நிற்கும் வார்ட்டிசெல்லா போன்ற ஒருசெல் உயிர்களுக்கு இரையாகின்றன. இப்படியே நாள் போகப்போக, படியத் தெரிந்தவை மட்டும் அங்கே பெருகுகின்றன. யாரும் பொறுக்கி எடுக்காமலேயே ஒரு தேர்வு நடந்துகொண்டிருக்கிறது!

இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர் தொட்டியில் சில மணி நேரம்தான் தங்குகிறது, பாக்டீரியாக்களோ பல நாள் தங்குகின்றன. மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை மாற்றும் நைட்ரோசோமோனாஸ் வகையறா மிக மெதுவாகப் பெருகுபவை. கசடு திரும்பி வராவிட்டால் அவை பெருகுவதற்குள் ஆற்றோடு போயிருக்கும்.

அதேசமயம், இழை இழையாக வளரும் பாக்டீரியாக்கள் அளவு மீறினால் திரள்கள் பஞ்சாகி, படியாமல் மிதந்து ஆற்றுக்கே போய்விடும். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தொட்டி நீரைப் பிடித்து அரை மணி நேரம் வைத்தாலே இந்தக் கோளாறு தெரிந்துவிடும்.

தொட்டி கட்டவும் திறப்பு விழா நடத்தவும் நம்மிடம் பணம் இருக்கிறது. காற்றை ஊதும் ப்ளோயருக்கான மின்கட்டணத்துக்கும், அந்த ஜாடியைத் தினமும் பார்க்கத் தெரிந்த ஒரு ஊழியரின் சம்பளத்துக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, அப்புறம் கான்கிரீட்டுக்கு ஒப்பந்தம் போட வேண்டும்.