அந்த இசை அந்தத் தட்டில் கிடையாது

போன சனிக்கிழமை கடையை மூடப்போகிற நேரத்தில் ஓர் இளைஞர் உள்ளே வந்தார். கையில் 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பின்னணி இசை ஆல்பம், இரட்டை இசைத்தட்டு. “அண்ணா, நீங்கள்தான் இதைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். ஒன்று விட்டுப்போயிருக்கிறது” என்றார். எது என்று கேட்டேன். கறுப்பு முகமூடிக்காரன் டார்த் வேடர் நடந்து வரும்போது முழங்குமே, அந்த அணிவகுப்பு இசை.

இந்த ஆண்டில் இப்படி வருகிறவர் இவர் நாலாவது ஆள். முதலாமவருக்குச் சிரித்துக்கொண்டே விளக்கினேன். மூன்றாமவர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். நாலாவது ஆளுக்குப் பிறகு எழுதிவிடுவதே மேல் என்று தோன்றியது.

அந்த அணிவகுப்பு இசை இந்தத் தட்டில் இல்லை, இருக்கவும் முடியாது. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அதை இரண்டாவது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காகத்தான் எழுதினார். அது அந்தப் படத்தின் 1980ஆம் ஆண்டு ஆல்பத்தில் இருக்கிறது. முதல் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் வேடருக்கு அந்த இசை வராது. பிற்காலத்தில் கேட்டதை நம் நினைவு முன்னால் கொண்டுபோய் ஒட்டிவைத்திருக்கிறது. அதில் தவறில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் இல்லாத இசையை நான் துடைத்து அழித்துவிட்டதாகச் சொல்வது சற்று அதிகம்.

லண்டனில் என் வேலை பழைய இசைத்தட்டுகளைக் கழுவுவது, தரம் பார்ப்பது, கணினிக்கு மாற்றுவது. விண்வெளிப் படங்களின் வாத்தியக்குழு ஆல்பங்கள் நிறைய வருகின்றன. அப்பா வாங்கியது, மாமா விட்டுப்போனது, ஏலத்தில் எடுத்தது. வருகிற தகராறுகளில் பாதிக்கும் மேல் தட்டின் பழுதால் வருவதில்லை. படத்தில் ஓடிய இசையை அப்படியே வெட்டியெடுத்து வட்டமாக அச்சடித்ததுதான் ஆல்பம் என்ற ஒரே ஒரு நினைப்பால் வருகின்றன. அது அப்படி இல்லை. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் ஏறுவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே 1977 தட்டை எடுத்துக்கொள்வோம். லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. டென்னம் ஊரிலிருந்த ஆன்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில், அந்த ஆண்டு மார்ச் மாதம் பதிவானது. நான்கு பக்கங்களும் சேர்ந்து ஏறக்குறைய 74 நிமிடம். இரண்டாம் பக்கத்தின் முதல் பகுதியிலேயே படத்தில் வரும் கிழவர் பென் இறந்துவிடுகிறார். மூன்றாம் பக்கத்தைப் போட்டால் மதுக்கடை வாத்தியக்காரர்கள் தொடங்குகிறார்கள். படத்தில் அந்த மதுக்கடைக்குள் பென் உயிரோடு நடந்து வருவாரே! இதைப் பிடித்துக்கொண்டு, “பக்கங்களை மாற்றி ஒட்டிய திருட்டுப் பதிப்பு” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் உண்டு. திருட்டும் இல்லை, தவறும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு வேகமும் சாந்தமும் மாறிமாறி வர வேண்டும் என்று இசையமைப்பாளரே வரிசையைக் கலைத்து அடுக்கியது அது. படத்தில் தனித்தனியாக வரும் துண்டுகளை ஒன்றாகக் கோத்திருக்கிறார். கச்சேரி செய்கிறவர் தான் கற்ற வரிசையிலா பாடுகிறார்?

சில ஆல்பங்களில் வரிசை மட்டுமல்ல, வாசிப்பே வேறு. 1982இல் வந்த ‘ஈ.டி.’ ஆல்பத்தில் நீங்கள் கேட்பது ஆல்பத்துக்கென்றே தனியாக வாசித்துப் பதிந்தது. படத்துக்கான பதிவுகள் 1996இல்தான் சிடியாக வெளிவந்தன. 1979இன் ‘ஏலியன்’ இன்னும் வேடிக்கை. ஜெர்ரி கோல்ட்ஸ்மித் எழுதிக் கொடுத்ததைப் படத்தொகுப்பில் இடம் மாற்றினார்கள். அவர் வேறொரு படத்துக்கு முன்பு எழுதியதிலிருந்து சில துண்டுகளை எடுத்துச் செருகினார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது கேட்பது அவருடைய இசையே அல்ல. ஹாவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பனி. ஆல்பத்தில் இருப்பதோ கோல்ட்ஸ்மித் விரும்பிய வடிவம். எது ‘அசல்’ என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

1968இன் ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’யைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சூரியன் எழும்போது முழங்கும் அந்தத் தொடக்க இசை, படத்தில் கராயன் நடத்த வியன்னா பில்ஹார்மோனிக் வாசித்தது. அந்தப் பதிவின் உரிமை வைத்திருந்த டெக்கா நிறுவனம் நடத்தியவர் பெயரும் குழுவின் பெயரும் படத்தில் வரக்கூடாது என்று விதித்தது. ஆல்பத்தில் போட்டது கார்ல் போம் நடத்திய பெர்லின் பதிவு. “படத்தில் கேட்டதுபோல இல்லையே” என்று யாராவது சொன்னால் அவர் காது நல்ல காது. தட்டின் மேல் குற்றமில்லை.

இதற்கெல்லாம் பின்னால் கலை மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. அமெரிக்காவில் வாத்தியக் கலைஞர்களின் சங்கம் வலுவானது. படத்துக்காக வாசித்ததை ஆல்பமாக விற்றால் அவர்களுக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். நிமிடம் கூடினால் செலவும் கூடும். அதனால்தான் பல ஆல்பங்கள் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டன. “ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது” என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.

இப்போது வயிறு எரிகிற கதை. ஓர் அம்மையார் கணவரின் பிறந்தநாளுக்காக ‘பிளேடு ரன்னர்’ இசைத்தட்டு ஒன்றை வாங்கியிருந்தார். 1982ஆம் ஆண்டுப் பதிப்பு, படத்தின் அசல் இசை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கொடுத்த விலையை இங்கே எழுத மாட்டேன். கணவர் ஊசியை வைத்ததும் முகம் சுண்டிப்போனது. அந்தப் படத்துக்கு வாங்கெலிஸ் செய்தது சின்தசைசர் இசை. தட்டில் கேட்டதோ வயலின்கள். கலக்கத்தோடு என்னிடம் கொண்டுவந்தார்கள். உறையின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ‘ஆர்க்கெஸ்ட்ரல் அடாப்டேஷன்’ என்று அச்சிட்டிருந்தது, வாசித்தவர்கள் ‘நியூ அமெரிக்கன் ஆர்க்கெஸ்ட்ரா’ என்றும் இருந்தது. போலித் தட்டு அல்ல; அந்த ஆண்டு முறையாக வெளிவந்த ஆல்பம்தான். படத்தின் முடிவில் பாலிடோர் நிறுவனத்தில் ஆல்பம் கிடைக்கும் என்று எழுத்து ஓடுகிறது, ஆனால் அந்த ஆல்பம் வரவில்லை. வாங்கெலிஸின் சொந்தப் பதிவு 1994இல்தான் வந்தது. அதிலும் இடையிடையே படத்தின் வசனம் கேட்கும், படத்தில் வராத இசையும் உண்டு. ஆகவே ‘1982, அசல் வாங்கெலிஸ் பதிவு, அதிகாரபூர்வ ஆல்பம்’ என்று யாராவது விற்றால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் உறையைப் படியுங்கள். முன்பக்கத்து ராக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் நீட்டாதீர்கள். வாசித்தது எந்தக் குழு, நடத்தியவர் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ ஓடிய கையோடு வேறு குழுக்கள் வாசித்த தட்டுகள் பல வந்தன. சார்லஸ் கெர்ஹார்ட் நடத்திய நேஷனல் பில்ஹார்மோனிக் தட்டு ஒன்று உண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்கை வைத்து ஜூபின் மேத்தா செய்தது ஒன்று உண்டு. கெர்ஹார்டுடையது எனக்கு மிகவும் பிடிக்கும், தெரிந்தே வாங்குகிறவர் தாராளமாக வாங்கலாம். பெயர் தெரியாத குழுக்களை வைத்து அவசரமாக அடித்த மலிவுத் தட்டுகளும் உண்டு. அவற்றின் உறையிலும் ராக்கெட்தான் இருக்கும்.

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்த் தாளைச் சுற்றியிருக்கும் வழவழப்பான இடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எந்தப் பதிப்பு என்று காட்டும் சிறு எண்கள் பொறித்திருப்பார்கள். விற்பவரிடம் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். சிடி வாங்கினால் உள்ளடக்கத்தை எண்ணுங்கள். இரண்டாவது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 1980ஆம் ஆண்டு ஆல்பம் இரட்டைத் தட்டாக வந்தது, முதலில் சிடியானபோது கணிசமாகச் சுருங்கிவிட்டது. பெயர் ஒன்று, சரக்கு குறைவு.

நாணயக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவரின் ‘ஈ.டி.’ தட்டில் இரண்டாம் பக்கக் கடைசியில் ஊசி துள்ளியது. அவர் செய்த வைத்தியம், ஊசித் தலையின் மேல் ஒரு பென்னி நாணயத்தை ஒட்டியது. அந்த ஊசி அழுத்த வேண்டியது 2 கிராம். பென்னியின் எடை 3.56 கிராம். மாதக்கணக்கில் அப்படி ஓட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு கால் மணி நேரப் பகுதியோடு முடிகிறது, எக்காளங்கள் எல்லாம் உச்சத்தில் முழங்குவது அங்கேதான். தட்டின் உள்வட்டத்தில் ஊசிக்குக் கிடைக்கும் நீளம் வெளிவட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. பதிவதற்கே சிரமமான இடம், அதைப் போய்ச் சுரண்டினால்? எக்காளம் ஒலிக்க வேண்டிய இடத்தில் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல ஒரு சத்தம். “கழுவினால் போய்விடுமா தம்பி?” என்று கேட்டார். தூசி போகும் ஐயா, தேய்ந்துபோன பிளாஸ்டிக் திரும்பி வராது. துள்ளலுக்குக் காரணம் ஊசியில் உருண்டிருந்த அழுக்கு. அதை எடுக்க எனக்கு ஆன நேரம் ஒரு நிமிடம்.

ஆகவே நாணயம் வேண்டாம். பாத்திரம் துலக்கும் நார் வேண்டாம். ஆல்கஹால் கலவையால் துடைக்கலாம் என்று படித்துவிட்டுத் தாத்தாவின் பழைய 78 தட்டுகளையும் துடைத்துவிடாதீர்கள். அவை அரக்கு, கரைந்துவிடும். (பார்த்திருக்கிறேன். பேச வேண்டாம்.) தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், புத்தகம்போல நிற்கட்டும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். மெதுவான இடங்களில் சத்தம் குறைவாக இருக்கிறது, தூக்கிவிடுங்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசித்திருக்கிறார்கள். அவர்கள் அங்கே அடங்கினால்தான் அடுத்த முழக்கம் முழக்கமாகும்.

சனிக்கிழமை வந்த இளைஞருக்கு வருவோம். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் இதை ஏன் வாங்க வேண்டும், படத்தையே பார்த்துவிடலாமே” என்றார். பதில் சொல்லவில்லை. முதல் தட்டை எடுத்து, முதல் பக்கத்தின் மூன்றாவது பகுதியில் ஊசியை வைத்தேன். இளவரசி லேயாவுக்கான இசை. ஒற்றைக் கொம்பு ஒன்று யாரையும் அவசரப்படுத்தாமல் எழுந்து வருகிறது, அந்த மெட்டை வயலின்கள் பிறகுதான் ஏற்கின்றன. நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். அவர் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“இது படத்தில் எந்த இடத்தில் வரும், அண்ணா?”

“இவ்வளவு முழுசாக எங்கும் வராது.”

ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு, பக்கம் முடியும்வரை இருவரும் நின்றோம்.