பூட்டனின் தொப்பியைத் தோய்க்காதீர்கள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் எனக்கு வேலை கூடிவிடும். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் திறபடும். பரணில் இருந்த றங்குப் பெட்டிகள் கீழே இறங்கும். அவற்றுக்குள் கிடந்த சாமான்களில் ஒரு பங்கு என் மேசைக்கு வந்து சேரும். பழந்துணி, தோல், ஓலைப் பொருட்களைப் பழுதுபார்த்துப் பேணுவது என் தொழில். கூறைச் சேலையும் சரிகைச் சால்வையும்தான் அதிகம் வரும். தொப்பி வருடத்துக்கு ஏழெட்டு வந்தாலே பெரிய விஷயம். ஆனால் வருகிற தொப்பிகளில் பாதிக்கு மேல், என்னிடம் வருவதற்கு முந்தைய வாரத்தில்தான் பழுதாகியிருக்கும். எண்பது, தொண்ணூறு வருடம் தாக்குப்பிடித்த ஒன்றை ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டு வருவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அம்மா பிளாஸ்டிக் பேசின் ஒன்றோடு வந்தார். உள்ளே காக்கித் துணி சுற்றிய ஏதோ ஒன்று, ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் ஒடுங்கி, நசிந்த பப்பாசிப்பழம் மாதிரிக் கிடந்தது. "தம்பி, ஊத்தை போகட்டும் எண்டு சவர்க்காரத் தூளில ஒரு மணித்தியாலம் ஊற வைச்சனான். பிறகு கிணத்துக்கட்டில காய வைச்சன். இப்பிடி ஆயிட்டுது" என்றார். அது அவருடைய அப்பப்பாவின் சோலாத் தொப்பி. மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து, பென்சனோடு ஊர் திரும்பிய மனிதர்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொப்பிகள் எப்படி வந்தன என்பதற்கு அதுவே பெரும்பாலும் பதில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எங்கள் ஆட்கள் கிளாக்கர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் மலாயாவுக்குப் போனார்கள். திரும்பி வந்த 'மலாயன் பென்சனியர்' கல்வீடு கட்டினார், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார். வெயிலுக்குப் போட்ட தொப்பியையும் கூடவே கொண்டுவந்தார்.

சோலா என்றதும் பலர் சூரியனைச் சொல்லும் ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சோலா என்பது ஒரு செடி. எங்கள் பெயர் நெட்டி. குளத்திலும் சதுப்பிலும் வளரும். தண்டைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று தக்கை இருக்கும். தஞ்சாவூரில் கோயில் கோபுரங்களை நுணுக்கமாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்களே, அதே நெட்டிதான். அதை மெல்லிய தகடாகச் சீவி, ஓர் அச்சின் மேல் பசை தடவித் தடவி அடுக்கி, மேலே துணி போர்த்தித் தைத்தால் சோலாத் தொப்பி. கையில் எடுத்தால் வெறும் கூடு போலப் பாரமே இருக்காது. உள்ளே நிறையக் காற்று அடைந்திருப்பதால் வெயிலின் சூடு தலைக்கு இறங்காது.

அந்தக் காற்று இருக்கும் இடத்துக்குள்தான் தண்ணீரும் போகும். நெட்டி பஞ்சு மாதிரி உறிஞ்சும். அடுக்குகளைப் பிடித்து வைத்திருந்த மாப்பசை கரையும். காயும்போது துணி ஒரு பக்கம் இழுக்கும், தக்கை வேறு பக்கம் சுருளும். அதற்குப் பிறகு எந்தக் கைவேலையாலும் பழைய வடிவத்தை முழுதாக மீட்க முடியாது. அந்த அம்மாவின் தொப்பியை மூன்று மாதம் வைத்திருந்தேன். இப்போது தொப்பி என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

அப்போ ஊத்தையை என்ன செய்வது? முதலில், அது ஊத்தைதானா என்று பாருங்கள். பரணில் இருந்த தொப்பியில் அடுப்புப் புகை படிந்திருக்கும். புகை நிறத்தைக் கெடுத்திருக்கும், ஆனால் பூச்சியையும் ஓரளவு தள்ளி வைத்திருக்கும். எங்கள் ஆச்சிமார் விதைகளை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டது சும்மா இல்லை. தூசியை மட்டும் எடுத்தால் போதும். ஆட்டுமயிர் வைத்த மென்மையான ஓவியத் தூரிகை ஒன்று, தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று. மெஷினின் வாயில் நுளம்புவலைத் துண்டு ஒன்றைக் கட்டி, ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, தூரிகையால் தூசியை அதன் பக்கமாகத் தள்ளுங்கள். வலை எதற்கென்றால், கழன்ற பொத்தானோ நூலோ உள்ளே போகாமல் இருக்க. தொப்பியைத் தூக்கும்போது உச்சியைக் கிள்ளித் தூக்காதீர்கள். அந்த இடம்தான் முதலில் வெடிக்கும். இரண்டு கையாலும் விளிம்பின் கீழே பிடியுங்கள்.

சோலாத் தொப்பியைச் சுற்றி ஒரு துணிப்பட்டி மடிப்பு மடிப்பாக இருக்கும். அதற்குப் பெயர் 'பக்ரி'. ஹிந்தியில் பக்ரி என்றால் தலைப்பாகை. வெள்ளைக்காரன் தன் தொப்பிக்கும் ஒரு தலைப்பாகை கட்டித்தான் இந்த வெயிலைச் சமாளித்திருக்கிறான்.

இனி உரோமத் தொப்பி, அதாவது ஃபெல்ட். இங்கேதான் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இது தொப்பியின் உடம்பைப் பற்றியது அல்ல, உங்கள் உடம்பைப் பற்றியது. முயல் போன்றவற்றின் மயிரை ஒன்றோடொன்று பிணையச் செய்ய, பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தொப்பித் தொழிற்சாலைகளில் பாதரச நைத்திரேற்றைப் பாவித்தார்கள். அங்கு வேலை செய்தவர்களுக்குக் கை நடுக்கமும் மனக்குழப்பமும் வந்தன. அமெரிக்காவில் இந்த வழக்கம் 1941 வரை இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய, பட்டுப் போல வழுவழுப்பான மயிர் ஃபெல்ட் தொப்பி உங்களிடம் இருந்தால், அதில் பாதரசம் இன்னும் இருக்கலாம். பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்க முடியாது. செம்மறி ஆட்டு மயிரில் செய்த முரட்டு ஃபெல்டுக்கு இந்த முறை தேவைப்படவில்லை, ஆனால் எது எதுவென்று வீட்டில் வைத்துத் தீர்மானிப்பது கஷ்டம். அதனால் எல்லாப் பழைய ஃபெல்டையும் சந்தேகத்தோடு தொடுங்கள். கையுறை போடுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். பேரப்பிள்ளையின் தலையில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். முக்கியமாக, இணையத்தில் காட்டுகிற மாதிரிக் கேத்தில் ஆவியில் பிடித்து வடிவம் கொடுக்க வேண்டாம். சூடு பட்டால் பாதரசம் இன்னும் வேகமாக ஆவியாகும். நீங்கள் குனிந்து அதற்கு நேரே முகத்தை வைத்திருப்பீர்கள்.

கெட்டியான வட்டத் தொப்பிகளை, அந்தக் கறுப்பு பௌலர் மாதிரியானவற்றை, விறைப்பாக்குவது அரக்கு. பாண்டவர் கதை தெரிந்தவர்களுக்கு அரக்கும் நெருப்பும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நெருப்பே வேண்டாம், சித்திரை வெயிலில் கண்ணாடி மூடிய காருக்குள் விட்டாலே அரக்கு இளகி விளிம்பு சரிந்துவிடும். மதுசாரமும் அதற்கு ஆகாது. கொரோனாக் காலத்தில் ஒருவர் பூசணம் பிடித்ததென்று கை கழுவும் சானிடைசரால் துடைத்துக் கொண்டுவந்தார். துடைத்த இடமெல்லாம் கொழகொழவென்று இருந்தது.

வெயிலில் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நல்லா ஒரு வெயில் காட்டினா பூச்சி போயிடும்" என்பது எங்கள் வீடுகளில் வேதவாக்கு. பாய்க்குச் சரி, தலையணைக்குச் சரி. தொப்பியின் உள்ளே நெற்றியைச் சுற்றி ஒரு தோல் பட்டி இருக்கிறதல்லவா, அது வருடக்கணக்கான வியர்வை குடித்த தோல். வெயில் பட்டால் சுருங்கும், வெடிக்கும், சுருங்கும்போது தொப்பியையும் சேர்த்து இழுக்கும். நிழலில், விறாந்தையில் அரை நாள் காற்றாட வைத்தால் போதும்.

பூச்சிக்கு வேறு வழி இருக்கிறது. மயிரைத் தின்பது பறக்கிற அந்து அல்ல, அதன் புழு. இருட்டும், யாரும் தொடாத மூலையும், வியர்வைக் கறையும் அதற்குப் பிடிக்கும். பசையையும் கடதாசியையும் தின்பது இராமபாணப் பூச்சியும் கரப்பொத்தானும். எல்லாரும் நப்தலீன் உருண்டைகளைப் பிடி பிடியாக அள்ளிப் போடுகிறார்கள். நான் போடுவதில்லை. அந்த வாசனை வந்தால் நீங்கள் சுவாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு, நப்தலீன் போட்டு வைத்த துணியாலேயே செங்குருதிக் கலங்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரக்கூடும். குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பொதியையே வைக்காதீர்கள்.

துணி, ஃபெல்ட் தொப்பிகளில் புழு கண்டால், மெல்லிய வெள்ளைத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, பிரிட்ஜின் ஐஸ் தட்டில் -18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்கக்கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வெளியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீர் வியர்த்துத் தொப்பியில் இறங்கும். இடையில் கரண்ட் போய் ஐஸ் உருகினால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். அரக்குத் தொப்பிக்கும் வர்ணம் பூசியதற்கும் இந்த வைத்தியம் வேண்டாம். அப்புறம், விளை மீனும் தொப்பியும் ஒரே தட்டில் வேண்டாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஒருவர் அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்.

சீருடைத் தொப்பிகள் பற்றி ஒரு வார்த்தை. ரயில்வேக்காரர், தபால்காரர் தொப்பிகளில் பித்தளைச் சின்னம் இருக்கும். குத்துவிளக்கு மாதிரிப் பழப்புளி போட்டு மினுக்க ஆசை வரும். புளி துணிக்குள் இறங்கினால் கறை போகாது. பித்தளை தோலைத் தொடும் இடத்தில் பச்சையாக மெழுகு போல ஒன்று வளரும். அதைக் காய்ந்த பஞ்சால் மெதுவாக எடுத்துவிட்டு, சின்னத்துக்கும் தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வைத்தால் போதும்.

தலைப்பாகை எங்கள் சொந்த விஷயம். அந்தக்காலத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் படத்தைத் தலைப்பாகை இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? இன்றைக்கும் எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை உண்டு. இப்போது வருவது மட்டையின் மேல் பசை ஒட்டி, கல் பதித்து, வாடகைக்குக் கொடுப்பது. அது பற்றி எனக்குக் கருத்தில்லை, எடுத்தமா கொடுத்தமா என்று போகலாம். ஆனால் சில வீடுகளில் அப்பப்பா கட்டிய பழைய சரிகைத் துணி இருக்கிறது. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, பொன் முலாம் பூசியது. கறுத்திருந்தால் அது வெள்ளி கறுத்தது. தேசிக்காயாலோ பற்பசையாலோ தேய்த்தால் முலாம் போய்விடும், பிறகு இன்னும் வேகமாகக் கறுக்கும். மடித்து வைத்தால் மடிப்பில் கம்பி முறியும். ஒரு குழாயில் சுருட்டி வையுங்கள்.

வைக்கும் இடம். சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கள் வீடுகள் காய்ந்து தூசி நிறைந்து கிடக்கும். வாடை தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூசணம் தொடங்கும். தகரப் பெட்டியில் இறுக்கி மூடி வைத்தால் உள்ளே அடைபட்ட ஈரமே போதும். தடித்த மட்டைப் பெட்டி நல்லது. உச்சிக்குள் பழைய பத்திரிகையைத் திணிக்காதீர்கள், அதில் அமிலம் இருக்கிறது, மையும் ஒட்டும். பலமுறை தோய்த்த பருத்தி வேட்டித் துண்டு அருமையாக வேலை செய்யும். ஆனால் கஞ்சி போட்ட வேட்டியாக இருக்கக்கூடாது, இராமபாணத்துக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். விளிம்பு தரையில் படாமல், உள்ளே இருந்து உச்சியைத் தாங்கும்படி நிறுத்துங்கள்.

பனையோலைத் தொப்பிக்கு மட்டும் நான் சொன்னது தலைகீழ். குருத்தோலை காய்ந்தால் முறியும். ஓலை பின்னுகிற பெண்களைக் கேளுங்கள், ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமாக்கித்தான் வேலை தொடங்குவார்கள். மடங்கிய விளிம்பை நிமிர்த்தவும் அதே பதம்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் காணி உறுதியையும் நகையையும் எடுத்தார்கள், அரிசி எடுத்தார்கள். தொப்பியை யார் எடுப்பார்? அதனால் இங்கே தப்பிக் கிடக்கிற ஒவ்வொன்றையும் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பேன்.

போன வருடம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கரிப் பிடித்த சோலாத் தொப்பி ஒன்றைத் தோய்க்காமல், துடைக்காமல், ஒரு பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது. தோல் பட்டியை மெதுவாக விலக்கினேன். பின்னால் மூன்று கடதாசி மடிப்புகள், ஒன்றன் மேல் ஒன்றாக. தொப்பி தளர்வாக இருந்தால் பத்திரிகைத் துண்டை மடித்துச் செருகுவது அந்தக்கால வழக்கம். கீழே இருந்தது ஆங்கிலப் பத்திரிகை, மேலே இருந்த இரண்டும் தமிழ். மூன்றும் மூன்று வெவ்வேறு நிறத்தில் பழுத்திருந்தன. அந்த ஆசிரியை பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்புவுக்கு மயிர் கொட்டக் கொட்ட மடிப்புக் கூடியிருக்கு."

பத்திரிகைக் கடதாசி தோலை அரிக்கும் என்று சொல்லி, மூன்றையும் எடுத்துத் தனித்தனி உறையில் போட்டுக் கொடுக்கப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்டையாவது பழைய இடத்தில வையுங்கோ தம்பி. இல்லாட்டி அவருக்குப் பெரிசாப் போயிடும்."

கடைசியாகச் செருகியதை ஒரு மெல்லிய டிசுத் தாளில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்தேன்.